சம்பந்தி வீட்டுக்குப் போன பழந்துணி

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் காலைப் பஸ்ஸில் ஓட்டுநருக்குப் பின்னால் மூன்றாவது வரிசை, ஜன்னல் ஓரம், பவானியின் இடம். யாரும் எழுதி வைக்கவில்லை. பல வருடமாக அதே முகம் அதே இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து மற்றவர்கள் விட்டுக்கொடுத்துவிட்டார்கள். ஏறியதும் தலையை ஜன்னல் கம்பியில் சாய்த்தால் கூட்டேரிப்பட்டு வருவதற்குள் தூங்கிப்போவாள். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் பஸ் நின்று குலுங்கும்போதுதான் கண் திறக்கும். ஒரு நாளில் அவளுக்கென்று இருந்த நேரம் அந்தத் தூக்கம் ஒன்றுதான். போன புரட்டாசியிலிருந்து அதுவும் போயிற்று. காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, முந்தானையால் வாயை மறைத்தபடி, என்னவோ முணுமுணுத்துக்கொண்டே வர ஆரம்பித்தாள்.

மயிலம் முருகனுக்கு ஏதோ வேண்டுதல் என்றுதான் பஸ்ஸில் இருந்தவர்கள் முதலில் நினைத்தார்கள். பூக்கூடையோடு ஏறும் செந்தாமரை இரண்டு நாள் மரியாதையாக ஒதுங்கி உட்கார்ந்துகூடப் பார்த்தாள். மூன்றாம் நாள் கண்டக்டர் சுப்பராயலு பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"இன்னாக்கா, வாயி ஓயாம போய்க்கினே இருக்குது? ஆரு கூட சண்ட?"

"சண்டையெல்லாம் இல்லண்ணா. ரஷ்யன் பாஷ படிக்கிறேன்."

சுப்பராயலு டிக்கெட் கிழிப்பதை நிறுத்தினார். "ரஷ்யாவா? நெசமான சண்ட அங்கதான நடந்துக்கினு கீது! நீ இன்னா, துப்பாக்கி புடிக்கப் போறியா?"

பஸ் சிரித்தது. பிறகு ஆளாளுக்குத் தமக்குத் தெரிந்த ரஷ்யாவை எடுத்துப் போட்டார்கள். எச்சில் துப்பினால் தரையில் விழுவதற்குள் பனிக்கட்டியாகிவிடும் என்றார் ஒருவர். வீதியில் கரடி நடக்கும் என்றார் இன்னொருவர். தண்ணீர்க் குழாயைத் திறந்தால் சாராயம்தான் வரும் என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல் ஆசையோடு சொன்னது. சிவப்புத் துண்டு போட்ட பெரியவர் ஒருவர் மட்டும், அந்தக் காலத்தில் அங்கிருந்து வந்த பத்திரிகையின் வழவழத் தாளில்தான் தன் பள்ளிக்கூட நோட்டுக்கெல்லாம் அட்டை போட்டதாகச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றைக்கே பவானிக்குப் பெயர் மாறிவிட்டது. 'ரஷ்யாக்கா.'

பவானி விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடும் கவுண்டரில் இருக்கிறாள். பேர், வயசு, என்ன உபத்திரவம், எந்த டாக்டர் என்று நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டுத் தொண்டை காய்ந்து போகும் வேலை. புருஷன் மணிமாறனுக்குத் திண்டிவனத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை. ஒரே மகள் ஆர்த்தி சென்னையில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாள். நாற்பத்திரண்டு வயதில் இவளுக்கு எதற்கு ரஷ்ய பாஷை என்று கேட்காத ஆள் இல்லை. எல்லாரிடமும் ஒரே பதிலைச் சொல்லி அவளும் அலுத்துப்போயிருந்தாள்.

காரணம் தங்கை அஸ்வினி. பவானிக்குப் பதினாலு வயது இளையவள். பிறந்த ஊரான கெடாரில் அப்பா தாண்டவராயன் நிலத்தில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு அவளை டாக்டருக்குப் படிக்க ரஷ்யாவுக்கு அனுப்பினார். பென்சா என்று ஒரு ஊர். போனவள் படித்து முடித்தாள். அங்கேயே வேலைக்குச் சேர்ந்தாள். அந்தோன் என்ற ரயில்வே எலக்ட்ரீசியனைக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்கு அடுத்த வருடம் அப்பா தவறிப்போனார், அதற்கு அடுத்த மழைக்காலத்தில் அம்மா. அம்மாவின் காரியத்துக்கு வந்த அந்தோன் கெடாரில் எல்லார் வீட்டு வாசலிலும் குனிந்து நுழைந்து, கேப்பைக் களியை விரலில் தொட்டுச் சாப்பிட்டு, வறுத்த மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, பை நிறையக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். நல்ல பிள்ளை. ஊரில் மட்டும் இன்றுவரை அவனைப் 'பாண்டிக்கார வெள்ளக்காரன்' என்றுதான் சொல்கிறார்கள். வெள்ளைத் தோல் என்றால் அது பாண்டிச்சேரியிலிருந்துதான் வரமுடியும்.

இப்போது அஸ்வினி மாசமாக இருந்தாள். சித்திரையில் பிரசவம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். ஆனால் அவளுக்கு ரத்த அழுத்தம், விமானத்தில் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவள் வரமுடியாது என்றால் தாய்வீடுதான் அங்கே போகவேண்டும். தாய்வீடு என்று இப்போது மிச்சம் இருப்பது பவானி ஒருத்தி.

விசா எல்லாம் இப்போது கம்ப்யூட்டரிலேயே போட்டுவிடலாம் என்றார்கள். லீவுக்கும் ஆஸ்பத்திரி மேனேஜர் முகத்தைச் சுளித்துக்கொண்டு தலையாட்டிவிட்டார். அதெல்லாம் இல்லை பிரச்சினை. அஸ்வினி இருப்பது மாமியாரின் வீட்டில். இரண்டு சின்ன அறை. அந்த அம்மாள் 'வா' என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும். கூப்பிடாமல் சம்பந்தி வீட்டுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் நிற்கிற பழக்கம் பவானியின் வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை.

சம்பந்தியம்மாள் பேர் கலீனா. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீடியோவில் அஸ்வினிக்குப் பக்கத்தில் வந்து உட்காருவாள். சிரிக்கவே மாட்டாள். பவானி பேசுவதை அஸ்வினி மாற்றிச் சொல்லுவாள். அங்கேதான் பவானிக்குச் சந்தேகம் வந்தது. "எங்கம்மா இருந்திருந்தா அவங்க வந்து பக்கத்துல இருந்திருப்பாங்க, அந்த எடத்துல நான் இருக்கறேன், என் தங்கச்சிக்கு ஒண்ணுன்னா எனக்குச் சோறு எறங்காது" என்று இவள் கண் கலங்கச் சொன்னால், அஸ்வினி வாயிலிருந்து மூன்று வார்த்தைதான் வந்தது. சம்பந்தியம்மாளும் மூன்று வார்த்தையில் பதில் சொன்னாள்.

"நான் அவ்ளோ சொன்னேன், நீ இத்துனூண்டு சொல்றியே?"

"அதுல அவ்ளோதாங்க்கா இருக்குது. வுடுக்கா, எனக்கு முதுகு வலிக்குது."

நடுவில் நின்று அல்லாடும் அவளையும் குறை சொல்ல முடியவில்லை. மறுவாரமே பவானி விழுப்புரத்தில் ரஷ்ய வகுப்பு எங்கே நடக்கிறது என்று விசாரித்துவிட்டாள்.

புதிய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம், ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரே அறை. டாக்டர் படிக்க வெளிநாடு போகும் பிள்ளைகளுக்காக ராம்கி என்ற பையன் நடத்துகிற வகுப்பு. அவனும் அங்கே படிக்கப் போனவன்தான், பாதியில் திரும்பிவிட்டான். ஏன் என்று யாரும் கேட்பதில்லை, கேட்டால் அன்றைக்கு வகுப்பு சீக்கிரம் முடிந்துவிடும். பிள்ளைகளுக்கு முன்னால் பவானி அவனை 'சார்' என்பாள், படியிறங்கும்போது 'தம்பி' ஆகிவிடுவான். பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் கடைசி பெஞ்சில் அவள். கல்லீரல், மண்ணீரல், எத்தனை நாளாக இருமல் என்று பாடம் போகும். சம்பந்தியிடம் கல்லீரலைப் பற்றி என்ன பேசுவது?

"தம்பி, எனக்கு வேணுங்கறத கொஞ்சம் சொல்லிக் குடேன். மொதல்ல அவங்கள எப்டிக் கூப்புடறது?"

"கலீனா பெத்ரோவ்னான்னு கூப்புடுங்கக்கா."

"சம்பந்தியம்மாவ பேரு சொல்லியா? நல்லா இருக்குது போ! எங்க ஊட்ல கேட்டா வெளக்குமாத்தாலயே சாத்துவாங்க."

"வெறும் பேரு சொன்னாதாங்க்கா தப்பு. பெத்ரோவ்னான்னா பியோத்தரோட மவ. அவங்க அப்பாரு பேரு பியோத்தர். அப்பா பேரையும் சேத்துச் சொன்னா, அதான் அங்க மரியாத. நம்ம 'ங்க' போடறோம் இல்ல, அந்த மாதிரி."

"அந்தம்மா சிரிக்கவே மாட்டேங்குதே. எம்மேல இன்னா கோவம்?"

"கோவம் இல்லக்கா. அங்க காரணம் இல்லாம சிரிச்சா ஒரு மாதிரிப் பாப்பாங்க. நீங்க போன எடுத்ததும் பல்லக் காட்டாதீங்க."

அந்த வாரம் முழுக்கப் பவானி கண்ணாடி முன்னால் நின்று சிரிக்காமல் வணக்கம் சொல்லிப் பழகினாள். கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பல் துலக்கிக்கொண்டிருந்த மணிமாறன் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, சம்பந்தி மேல கேஸ் போடப் போறியா?" என்றான்.

கார்த்திகையில் ஒரு நாள் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஒரு வெள்ளைக்காரரும் அவர் மனைவியும் முதுகில் பையோடு நின்றுகொண்டிருந்தார்கள். சுற்றி ஒரு சின்னக் கூட்டம், வழக்கம்போல வேடிக்கை. பவானியைப் பார்த்ததும் சுப்பராயலுவுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"தோ வந்துட்டாங்க ரஷ்யாக்கா! யக்கா, ஜல்தி வா. இவங்க இன்னாமோ கேக்கறாங்க போல. பேசு, பேசு."

"அண்ணா, அவங்க எந்த ஊரோ…"

"எந்த ஊரா இருந்தா இன்னா? எல்லாம் ஒரே கலருதான? பேசேன்."

கூட்டம் அவளை முன்னால் தள்ளியது. வியர்த்துக் கொட்ட, ராம்கி சொன்னபடி சிரிக்காமல், முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "ஸ்த்ராஸ்த்வூய்த்யே" என்று ரஷ்யனில் வணக்கம் சொன்னாள். அந்த அம்மாள் புருஷனைப் பார்த்தாள். பிறகு மிகவும் தயங்கி, தமிழிலேயே, "எங்களுக்கு அந்த பாஷ தெரியாதுங்க. நாங்க ஸ்பெயினு. இரும்பைங்கற ஊருகிட்ட ரொம்ப வருஷமா இருக்கறோம். மரக்காணம் பஸ்ஸு போயிடுச்சாங்க?" என்றாள்.

கூட்டம் கலைவதற்கு வெகுநேரம் ஆயிற்று. அன்றைக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்கிறவரை பவானிக்குக் காது சூடாகவே இருந்தது. அந்த ஊரிலிருந்து வந்து இங்கே பஸ் கேட்கிற அளவுக்குப் பேசுகிறார்களே, நமக்கு நாக்கு ஏன் புரளமாட்டேன் என்கிறது என்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தை மாதம் ராம்கியிடம் படித்த செல்வகுமார் என்ற திருவெண்ணெய்நல்லூர்ப் பையன் லீவுக்கு வந்துவிட்டுப் பென்சாவுக்குத் திரும்ப இருந்தான். அவனிடம் ஒரு பை கொடுத்தனுப்பலாம் என்று ராம்கி சொன்னதும் பவானி பரணில் ஏறினாள். அம்மாவின் தகரப் பெட்டி அங்கேதான் இருந்தது. அதற்குள், பிள்ளைத்துணி மூட்டை.

பிறந்த பிள்ளையின் மேல் புதுத்துணி படக்கூடாது. பேர் வைக்கிற நாள் வரைக்கும் பழந்துணிதான். அதுவும் கண்டவர்கள் துணி ஆகாது. வீட்டில் நன்றாக வாழ்ந்தவர்கள் உடுத்தி, துவைத்துத் துவைத்து நூல் தளர்ந்துபோன வேட்டியும் புடவையும் வேண்டும். அப்பாவின் வேட்டிகளையும் தன்னுடைய மெல்லிய வாயில் புடவைகளையும் அம்மாதான் கிழித்து ஓரம் மடித்து வைத்திருந்தாள். அஸ்வினி பிறந்தபோது அவளைச் சுற்றியது அந்தத் துணிதான். பிறகு ஆர்த்தியை. ஒவ்வொரு முறையும் துவைத்து, வசம்புத் துண்டு போட்டு, மறுபடி மூட்டையாகக் கட்டி வைத்துவிடுவாள். சில துண்டுகள் பழுத்திருந்தன. ஒன்றிரண்டில் மஞ்சள் கறை போகாமல் நின்றது. பவானி எல்லாவற்றையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டு அலசி, மாடி வெயிலில் காயவைத்து மடித்தாள். கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை.

ஒரு மஞ்சப்பையில் துணியை வைத்து, நடுவில் அந்தோனுக்காக வறுத்த மல்லாட்டைப் பொட்டலத்தைச் செருகினாள். துணி எதற்கு என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. இது யாருக்குத் தெரியாது? அஸ்வினிக்கும் சொல்லவில்லை. வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு இன்னது அனுப்புகிறேன் என்று முன்கூட்டி வாய்விட்டுச் சொல்வது அவர்கள் வீட்டு வழக்கம் இல்லை.

பை போய்ச் சேர்ந்த வாரம் அஸ்வினி வீட்டில் இல்லை. ரத்த அழுத்தம் ஏறி ஆஸ்பத்திரியில் படுக்கவைத்திருந்தார்கள். நல்லபடியாகத் திரும்பி வந்ததாகச் சேதி வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அஸ்வினி மட்டும் இருந்தாள். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே.

"சம்பந்தியம்மா எங்க?"

"வேல இருக்குதாம்."

"ஞாயித்துக்கெழமயில இன்னா வேல? பை வந்துதா? அவங்க ஒண்ணும் சொல்லலியா?"

அஸ்வினி முதலில் மழுப்பினாள். பிறகு அழுதுவிட்டாள். செல்வகுமார் பையை வாசலில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். மாமியார் பிரித்திருக்கிறாள். கடலை உடையாமல் இருக்க அடைத்து அனுப்பிய கந்தல் என்று நினைத்துவிட்டாள். கடலையை மகனுக்கு எடுத்துவைத்துவிட்டுத் துணிகளைத் தரை துடைக்க வைத்திருக்கும் பக்கெட்டில் போட்டிருக்கிறாள். அஸ்வினி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பார்த்தபோது அப்பாவின் வேட்டித்துண்டு ஒன்று பால்கனியில் அழுக்கும் ஈரமுமாகக் கிடந்தது.

"நான் கத்திட்டேங்க்கா. அதுக்கு அவங்க, பொறக்கப் போற புள்ளைக்கு ஆராவது கந்தல அனுப்புவாங்களா, நாங்க இன்னா பிச்சக்காரங்களா, ஒரு புதுத்துணி எடுக்க எங்களுக்கு வக்கு இல்லியான்னு கேட்டாங்க. ஒரு வாரமா சரியாப் பேசறதில்ல. நடுவுல அந்தோன் ரெண்டு பக்கமும் முழிச்சிக்கினு கீறான்."

பவானி போனை வைத்தாள். அப்பாவின் வேட்டி. அதைக் கட்டிக்கொண்டுதான் அவர் பவானியை முதல் நாள் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அது பால்கனியில் கிடந்திருக்கிறது. ராத்திரிச் சமையலை மணிமாறனே பார்த்துக்கொண்டான். ரசத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து, "அந்தம்மாவுக்கு எப்டித் தெரியும்? நீ சொன்னாதான?" என்றான். அவன் சொன்னது சரிதான், அதனால்தான் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

அடுத்த நாள் பஸ்ஸில் காதில் ஒயரை மாட்டவில்லை. தூங்கவும் இல்லை. போனது போகட்டும், சித்திரையில் அங்கே ஆஸ்பத்திரி இருக்கிறது, டாக்டர் இருக்கிறார்கள், அவளே டாக்டர், நான் போய் எதைக் கிழிக்கப்போகிறேன் என்றுகூட நினைத்துப் பார்த்தாள். செந்தாமரை ஒரு முழம் பூவை அவள் மடியில் வைத்து, "இன்னாம்மா, பரீச்சல ஃபெயிலா?" என்றாள். பவானி பூவைத் தலையில் வைக்காமல் பையில் போட்டுக்கொண்டாள்.

இரண்டு நாள் அப்படிப் போயிற்று. மூன்றாம் நாள் சாயங்காலம் ஜெராக்ஸ் கடை மாடியேறினாள். பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். நடந்ததைச் சொன்னாள்.

"நான் சொல்றத அப்டியே மாத்திக் குடு தம்பி. அவள வெச்சிப் பேச மாட்டேன். நானே பேசறேன்."

"சொல்லுங்கக்கா."

"எனக்குக் கோவம் இல்ல…" என்று ஆரம்பித்து நிறுத்தினாள். "இல்ல, அத வேணாம். கோவம் இருக்குது. பொய் எதுக்கு. துணியப் பத்தி மட்டும் போடு. இது எங்க அப்பா அம்மா உடுத்துனது. புதுத்துணி கொழந்த ஒடம்புல உறுத்தும். பழசு உறுத்தாது. இதுலதான் அஸ்வினியச் சுத்துனோம். அவ்ளோதான்."

ராம்கி எழுதினான். எழுதிவிட்டுப் பேனாவை மூடாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தான். "இத நீங்க தப்புத் தப்பா சொன்னாலும் பரவால்லக்கா. நெறுத்தி நெறுத்திச் சொல்லுங்க" என்றான்.

அஸ்வினி பரிசோதனைக்குப் போகும் நாளாகப் பார்த்து, மாசி மாதம் ஒரு சாயங்காலம், பவானி நேராகச் சம்பந்தியம்மாளின் எண்ணுக்கே வீடியோ போட்டாள். மணிமாறன் டி.வி.யை அணைத்துவிட்டு அறைக்கு வெளியே நின்றான்.

போன் எடுக்கப்பட்டது. அதே முகம். நரைத்த முடியை இழுத்துக் கட்டி, கழுத்து வரைக்கும் மூடிய சட்டை. சிரிப்பு இல்லை. பவானியும் சிரிக்கவில்லை, இந்த முறை பழக்கத்தால் அல்ல.

"கலீனா பெத்ரோவ்னா" என்றாள். பிறகு சொல்லவேண்டியதைச் சொன்னாள். துணி. அப்பா. அம்மா. பழசு, மெது. குழந்தை, தோல். இதில் அஸ்வினி. நடுவில் இரண்டு இடத்தில் நாக்கு நின்றுவிட்டது. அங்கே தமிழிலேயே சொல்லிவிட்டு மறுபடி ரஷ்யனுக்கு வந்தாள். கையைத் தொட்டிலாக மடித்துக் காட்டினாள். முடித்தபோது ஓடிவந்தவள்போல மூச்சு வாங்கியது.

சம்பந்தியம்மாள் போனை மேசைமேல் மல்லாக்க வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். திரையில் வெள்ளை மேற்கூரையும் ஒரு கண்ணாடி விளக்கும் மட்டும் தெரிந்தன. எங்கேயோ கதவு திறக்கும் சத்தம். பவானி அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்தது என்று நினைத்தாள். போனை அணைக்கவும் கை வரவில்லை.

முகம் திரும்ப வந்தது. கையில் ஓர் அடுக்குத் துணி. ஓரம் ஓரமாகப் பொருத்தி, புத்தகம்போல அடுக்கியிருந்தாள். சிறு பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திப் பேசினாள். கொதிக்கவைத்தேன். இஸ்திரி போட்டேன். ஒரு துண்டை எடுத்து இந்தப் பக்கம் காட்டினாள், பிறகு திருப்பி அந்தப் பக்கம் காட்டினாள். இரண்டு பக்கமும். பிள்ளைத்துணி என்றால் இரண்டு பக்கமும் போட்டாகவேண்டும் என்பதுபோல விரலை ஆட்டினாள். எப்போது செய்தாள் என்று பவானிக்குக் கேட்கத் தெரியவில்லை. அஸ்வினி கத்திய அன்றைக்கா, நேற்றா?

அடுக்கில் சேராமல் ஒரு துண்டு தனியாக இருந்தது. அதையும் காட்டினாள். சாம்பல் நிறக் கறை போகவில்லை. தலையை அசைத்து அதை மடித்துத் தள்ளி வைத்தாள்.

பிறகு ஒரு வேட்டித்துண்டைத் தூக்கி, இது யாருடையது என்று கேட்டாள்.

"அப்பா."

"பேர்?"

"தாண்டவராயன்."

கலீனா அதை வாயில் போட்டு இரண்டு மூன்று முறை உருட்டிப் பார்த்தாள். தாந்தவ… தாந்தவராயன். பிறகு நிமிர்ந்து, அஞ்சலட்டையில் விலாசம் படிப்பதுபோல, சிரிக்காமல் சொன்னாள்: "பவானி தாந்தவராயனோவ்னா."

அப்பா செத்து மூன்று வருடம் ஆகப்போகிறது. கெடாரில்கூட இப்போது அவர் பேரைச் சொல்லி அவளை யாரும் கூப்பிடுவதில்லை. பவானி போன் முன்னாலேயே கைகூப்பிவிட்டாள்.

இதுதான் சமயம் என்று பட்டது. ராம்கி எழுதிக் கொடுக்காத வாக்கியம், அவளே பஸ்ஸில் கட்டி வைத்திருந்தது. ஏப்ரலில் நான் வரலாமா?

கலீனா உடனே தலையை அசைத்தாள். இல்லை. அதற்குமேல் வேகமாகப் பேசிக்கொண்டே போனாள். பவானிக்குப் பிடிபட்டது நாலைந்து வார்த்தைதான். நாற்பது நாள். யாரும் இல்லை. கண்ணை ஒரு விரலால் தொட்டுக் காட்டினாள். பிறந்து நாற்பது நாள் வரை வெளியாள் யாரும் பிள்ளையைப் பார்க்கக்கூடாது. நான் இருக்கிறேன், நான் பார்த்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு வா. 'வா' என்ற வார்த்தை நன்றாகவே புரிந்தது. வெளியாள் என்பதும் புரிந்தது.

அவர்கள் ஊரில் பிள்ளை பிறந்த வீட்டுக்கு வெளியே காத்துநிற்பது பையன் வீட்டார்தான். தாய்வீட்டுப் பெண்கள் உள்ளே சூடுதண்ணீர் வைத்துக்கொண்டு, இதோ அதோ என்று அவர்களை இழுத்தடிப்பார்கள். ஆர்த்தி பிறந்தபோது மணிமாறனின் அம்மாவை அப்படித்தான் நடையிலேயே உட்காரவைத்தார்கள். தீட்டு என்றார்கள், கண் படும் என்றார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் அந்த அம்மாள் எப்படி உட்கார்ந்திருப்பாள் என்று பவானி ஒரு நாளும் யோசித்ததில்லை. இப்போது அந்த நடையில் இவள்.

சரி என்று தலையாட்டினாள். தங்களுடைய தலையாட்டல் அங்கே வேறு மாதிரித் தெரியும் என்று ராம்கி சொன்னது நினைவு வந்து, வாய்விட்டும் "தா", ஆமாம், என்றாள்.

போனை வைக்கப்போகிறாள் என்று நினைத்தபோது கலீனா அடுக்கை மறுபடி முன்னால் இழுத்தாள். ஒரு கையில் வேட்டித்துண்டு, ஒரு கையில் அம்மாவின் வெளுத்த ஊதாப் புடவைத்துண்டு. முதலில் எது, என்று கேட்டாள்.

"அம்மா" என்றாள் பவானி. "மொதல்ல எங்கம்மாது. அப்புறம் அப்பாது."

பாதி தமிழ்தான். கலீனா புடவைத்துண்டை எடுத்து அடுக்கின் மேலே வைத்து, உள்ளங்கையால் ஒரு முறை நீவினாள்.

அறைக்கு வெளியே மணிமாறன், "இன்னா சொன்னாங்க? டிக்கெட் போட்டுடலாமா?" என்றான்.

"ஆனி மாசத்துக்குப் போடு."

"ஆனியா? பிரசவம் சித்திரையாச்சே!"

"அதுக்கு அவங்க இருக்காங்களாம்." சொல்லிவிட்டுப் பவானி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "சோறு இருக்குதா? பசிக்குது."

மறுநாள் பஸ்ஸில் சுப்பராயலு சில்லறைப் பையைக் குலுக்கிக்கொண்டே வந்தார்.

"இன்னா ரஷ்யாக்கா, எப்போ பிளேன் ஏறப்போற?"

"ஆனியிலண்ணா. கொழந்த பொறந்து நாப்பது நாள் கழிச்சிதான் வரச் சொல்லிட்டாங்க. வெளியாளு பாக்கக்கூடாதாம்."

"அட! அந்த ஊர்லயும் கண்ணு, திருஷ்டியெல்லாம் பாப்பாங்களா? நான் கரடி மட்டுந்தான் இருக்குதுன்னு நெனச்சேன்."

செந்தாமரை கூடையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "பொண்ண பெத்த ஊட்டுக்காரி நீ. உன்னியே வெளியாளுன்னுட்டாங்களா? நல்ல நாயந்தான் போ. நீ சும்மாவா வுட்ட?"

"இன்னா பண்றது? அவங்க ஊடு."

"எம்மாம் பேஜாரு பட்டு அந்தப் பாஷய படிச்ச!"

"அதான் எனக்கும் ஆத்தாமயா இருக்குது" என்றாள் பவானி. "படிச்சதுனாலதான் வேணாம்னு சொன்னது புரிஞ்சிது."

செந்தாமரை அதற்குச் சிரிப்பதா வேண்டாமா என்று பார்த்துவிட்டு, சிரித்துவிட்டாள். பவானி காதில் ஒயரை மாட்டினாள். ஒரு பெண்குரல் அவசரமே இல்லாமல், கடையில் ரொட்டி கேட்பது எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தது. மயிலம் வளைவு வரைக்கும் கூடவே முணுமுணுத்தாள். பிறகு தலை மெல்லக் கம்பியில் சாய்ந்தது. கூட்டேரிப்பட்டில் ஏறிய ஒருவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலைத் தள்ளித் திறக்கப் போனபோது, சுப்பராயலு கையைக் காட்டித் தடுத்தார்.

"வுடுப்பா. அக்கா தூங்கட்டும்."